ஒப்பந்ததாரரின் நாவில் தொழிலாளியின் உரிமை

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தைச் சேர்ந்த சந்தாலிப் பழங்குடிப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தென்னகப் பெருநகர் ஒன்றின் கட்டுமானத் தளத்தில் அவருடைய கணவர் சாரத்திலிருந்து விழுந்து உயிரிழந்துவிட்டார். அன்று முதல் அந்தப் பெண் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, மாநகராட்சியின் இறப்புப் பதிவுப் பிரிவு, தொழிலாளர் துறை அலுவலகம் என்று நான்கு வாசல்களை ஏறி இறங்க வேண்டும். நான்கு இடங்களிலும் தாள்கள் அந்த மாநில மொழியில் இருக்கின்றன. ஊழியருக்குத் தெரிந்தது அந்த மொழியும் கொஞ்சம் இந்தியும். பெண்ணுக்குத் தெரிந்தது சந்தாலியும் கொஞ்சம் ஒடியாவும்.

ஆனாலும் வேலை தடையின்றி நடந்து முடிகிறது. ஏனெனில் அவருக்கும் மேசைக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார். கணவனையும் மனைவியையும் ஊரிலிருந்து அழைத்து வந்தவர் அவர்தான். ஊழியர் கேட்பதற்கெல்லாம் அவரே விடை சொல்கிறார். பெண் எதையோ சொல்லி அழுகிறார். “ஒன்றுமில்லை, ஊருக்குப் போக வேண்டும் என்கிறார்” என்று அவர் பெயர்த்துச் சொல்கிறார். இறுதியில் பெண்ணின் கட்டைவிரல் ரேகை தாளில் பதிகிறது. இறந்தவர் அந்தத் தளத்தில் வேலை செய்தவரே அல்லர், உறவினரைப் பார்க்க வந்தவர் என்று அந்தத் தாள் சொல்கிறது.

இது எந்தவொரு தனி நிகழ்வின் விவரிப்பும் அன்று. ஆயினும் இதன் ஒவ்வொரு படியும் கட்டுமானத் தொழிலாளர்களிடையே பணியாற்றும் தோழர்களுக்கு நன்கு பழக்கமானது. வேலையிட விபத்துக்கு இழப்பீடு கோரும் சட்ட உரிமை 1923ஆம் ஆண்டிலிருந்தே இந்தியத் தொழிலாளிக்கு உண்டு. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான தனிச் சட்டம் 1996இல் வந்தது. இத்தனை சட்டங்கள் இருந்தும் அந்தப் பெண் உரிமையை இழந்தார். பறிக்கப்பட்ட இடம் நீதிமன்றமன்று. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொல் கடந்துபோகும் அந்த ஒரு முழ இடைவெளியில்தான் அது பறிபோனது. அந்த இடைவெளி யாருடைய கையில் இருக்கிறது என்பதே இந்த உரையின் பொருள்.

எத்தனை பேர், எத்தனை மொழிகள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஒரு மாநிலத்திலிருந்து வேறு மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 5.4 கோடிப் பேர். 2011 முதல் 2016 வரையிலான காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் சென்றனர் என்று ஒன்றிய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது. ஆறு மாதம் சூளையிலும் ஆறு மாதம் ஊரிலும் வாழ்பவர்கள் இத்தகைய கணக்குகளில் முழுமையாக அகப்படுவதில்லை.

அதே கணக்கெடுப்பு இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என்கிறது. எட்டாவது அட்டவணையில் இருப்பவை 22. தொழிலாளி கூலியாகப் பெறும் ரூபாய் நோட்டில் 17 மொழிகள் அச்சிடப்பட்டுள்ளன. அந்தக் கூலி கிடைக்கவில்லை என்று முறையிடச் செல்லும் அலுவலகத்திலோ பெரும்பாலும் ஒரு மொழிதான் உண்டு. மூலதனத்தின் பணம் எல்லா மொழிகளிலும் பேசுகிறது. குறை கேட்க வேண்டிய அரசு ஒற்றை மொழியில் பேசுகிறது.

உள்ளாட்சி அமைப்பிடம்தான் இந்தத் தொழிலாளியின் அன்றாடத் தேவைகள் வந்து சேர்கின்றன. குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அங்கன்வாடி, தடுப்பூசி, பள்ளிச் சேர்க்கை, குடிநீர், ரேஷன், இறப்புச் சான்று என்று ஒவ்வொன்றும் ஒரு படிவம், ஒரு கேள்வி, ஒரு கையொப்பம். படிவத்தைப் படிக்க முடியாதவர் தரகருக்குப் பணம் தருகிறார். அல்லது தெருவில் விளையாடி உள்ளூர் மொழியைக் கற்றுக்கொண்ட தம் பத்து வயதுக் குழந்தையை அழைத்து வருகிறார். தாயின் கருச்சிதைவைப் பற்றி மருத்துவரிடம் மகன் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை பிறக்கிறது. தாய் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பி விடுகிறார்.

துபாஷி, கங்காணி, சர்தார்

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடைமனிதர் புதியவர் அல்லர். காலனியக் காலத்தில் அவருக்குத் துபாஷி என்று பெயர். இருமொழி அறிந்தவர் என்பதே அச்சொல்லின் பொருள். ஆனால் துபாஷி மொழிபெயர்ப்பாளராக மட்டும் இருக்கவில்லை. கும்பினியின் வணிகத்துக்கு அவரே தரகர். நெசவாளரிடம் விலை பேசியவரும், அதில் தம் பங்கை எடுத்துக்கொண்டவரும் அவரே. புதுச்சேரியில் டியூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பெரும் வணிகராகவும் விளங்கினார் என்பது தற்செயல் அன்று. இரு தரப்பும் ஒன்றையொன்று நேரில் புரிந்துகொள்ள முடியாத இடத்தில், நடுவே நிற்பவரின் நாக்கே மூலதனம் ஆகிவிடுகிறது.

பின்னர் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கங்காணி வந்தார். கிராமத்திலிருந்து ஆள் பிடித்தவர், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டியவர், வேலை வாங்கியவர், துரையிடம் தொழிலாளிக்காகப் பேசியவர் எல்லாம் ஒருவரே. தொழிலாளியின் குறை, குறைக்குக் காரணமானவரின் வாய் வழியாகவே துரையின் காதுக்குப் போக வேண்டியிருந்தது.

இன்று ஒடிசாவில் அவருக்குச் சர்தார் என்று பெயர். வட மாநிலங்களில் தேக்கேதார். தமிழ்நாட்டில் மேஸ்திரி, ஏஜென்ட். பெயர் மாறினாலும் பணி மாறவில்லை. இவர்களில் பலர் தாமும் ஏழை வீட்டில் பிறந்து, பத்தாண்டு கூலி வேலை செய்து, இரண்டு மொழி கற்றவர்கள்தாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தனிமனிதரின் நேர்மைக் குறைவாக இதைச் சுருக்கினால் பிரச்சினையின் வேர் தெரியாது. பொதுச் சேவையாக இருக்க வேண்டிய மொழிபெயர்ப்பை அரசு கைவிட்டதால், அது தரகுத் தொழிலாகிவிட்டது. வேர் அங்கேதான் இருக்கிறது.

சட்டம் சொன்னதும், சட்டத்திலிருந்து மறைந்ததும்

ஒடிசாவின் ‘தாதன்’ தொழிலாளர்கள் சர்தார்களால் ஆள்பிடிக்கப்பட்டுச் சுரண்டப்பட்ட கொடுமையின் பின்னணியில் 1979இல் மாநிலங்களிடை இடம்பெயர் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 12ஆம் பிரிவில் கவனிக்கத்தக்க ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிழற்படம் ஒட்டிய கையேடு ஒன்று தரப்பட வேண்டும். வேலை செய்யும் இடம், வேலைக்காலம், கூலி விகிதம், பிடித்தங்கள் முதலிய விவரங்கள் அதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தொழிலாளியின் மொழி இவ்விரண்டும் அல்லாததாயின், அவருடைய மொழியிலும் இருக்க வேண்டும்.

தொழிலாளியின் மொழிக்கு இந்தியத் தொழிலாளர் சட்டம் இவ்வளவு தெளிவாக இடம் கொடுத்தது அரிது. ஆயினும் அந்த விதிக்குள்ளேயே ஒரு முரண்பாடு இருந்தது. கையேட்டை எழுதிக் கொடுக்கும் கடமை ஒப்பந்ததாரருக்கே தரப்பட்டது. யாரிடமிருந்து தொழிலாளியைக் காக்க வேண்டுமோ, அவர் கையிலேயே மொழிபெயர்க்கும் பொறுப்பையும் சட்டம் ஒப்படைத்தது. விதி ஏட்டளவில் நின்றதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

அந்தக் குறையைத் திருத்தியிருக்க வேண்டும். ஒன்றிய அரசு விதியையே கைவிட்டது. 1979 சட்டத்தை விழுங்கிய 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அந்தக் கையேடு இல்லை. ஐந்து தொழிலாளர் இருந்தாலே பொருந்திய பாதுகாப்பு, இப்போது பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும். இடப்பெயர்வுப் படியும் போய்விட்டது. கட்டணமில்லாத் தொலைபேசி உதவி என்று ஒரு பிரிவு இருக்கிறது. மறுமுனையில் எந்த மொழியில் பேசுவார்கள் என்பதைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. இச்சட்டங்களை எதிர்த்து நடக்கும் இயக்கங்களில் எட்டு மணி நேர வேலை, வேலைநிறுத்த உரிமை ஆகியவற்றோடு, தொழிலாளி தன் மொழியில் தன் கூலிக் கணக்கைப் படிக்கும் உரிமையும் இழக்கப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்பாட்டில் உள்ள எந்த மொழியிலும் அதிகாரியிடம் அளிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. மனுவை நீட்டலாம். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்றோ, விடை அதே மொழியில் வர வேண்டும் என்றோ அப்பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. எனவே அது பாதி உரிமையாகவே நிற்கிறது.

மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு ஏற்பாடுகளின்படி, ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மொழியினருக்கு முக்கிய அரசு அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்பவர்களுக்கு இது பயன்படும். தகரக் கொட்டகையில் எட்டு மாதம் தங்கிவிட்டு அடுத்த தளத்துக்குப் போகிறவர்களை எந்தக் கணக்கெடுப்பு 15 சதவீதமாகக் காட்டும்?

ஆனால் சட்டத்தின் வரலாற்றில் பற்றிக்கொள்ளத்தக்க ஒரு பிடியும் உண்டு. 1962இல் ஹரிகிசன் எதிர் மகாராஷ்டிர மாநிலம் என்ற வழக்கில், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டிருந்தன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தி மொழிபெயர்ப்புக் கேட்டார். அதிகாரி வாயால் விளக்கிவிட்டார், அது போதும் என்று அரசு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவருக்குப் புரியாத மொழியில் தாளைக் கொடுப்பது அவருக்குத் தெரிவித்ததாக ஆகாது என்ற கோட்பாட்டின் மேல் அவருக்கு விடுதலை கிடைத்தது. சிறைக் கதவைத் திறந்த இந்தக் கோட்பாடு, இழப்பீட்டைக் கைவிடும் தாளில் பதிக்கப்படும் கட்டைவிரல் ரேகைக்கும் ஏன் பொருந்தக் கூடாது? தொழிற்சங்க வழக்கறிஞர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

“அப்படியானால் இந்தியைக் கொண்டுவரச் சொல்கிறீர்களா?”

தமிழகத்தில் இதைப் பேசினால் முதலில் எழும் ஐயம் இதுவே. ஐயம் நியாயமானது. அதற்கு நேரடியாக விடை சொல்லியாக வேண்டும்.

ஆளும் அதிகாரம் மக்கள் மீது தன் மொழியைச் சுமத்துவது திணிப்பு. மக்களின் மொழியில் பேசும் கடமையை அதிகாரத்தின் மீது மக்கள் சுமத்துவது உரிமை. ஒன்றில் பாரம் மக்கள் தோளில் விழுகிறது, மற்றதில் அரசின் தோளில் விழுகிறது. இந்தித் திணிப்பை எதிர்ப்பதும், திருப்பூரில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் தொழிலாளிக்கு அவர் மொழியில் சேவை கோருவதும் ஒரே கோட்பாட்டின் இரு பயன்பாடுகளே.

மேலும், இடம்பெயர் தொழிலாளர் என்றால் இந்தி பேசுகிறவர் என்று கொள்வதே திணிப்பாளர்களின் கணக்கை ஏற்றுக்கொள்வதாகும். 2011 கணக்கெடுப்பில் போஜ்புரியைத் தாய்மொழியாகச் சொன்ன ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் இந்தி என்ற தலைப்பின்கீழ்த்தான் சேர்க்கப்பட்டனர். சந்தாலி 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. அதற்கு ஓல் சிக்கி என்ற தனி எழுத்தே உண்டு. ஆயினும் சந்தாலிப் பெண்ணிடம் இந்தியில் பேசிவிட்டுக் கடமை முடிந்தது என்று கருதும் அலுவலகங்களே மிகுதி. உண்மையான மொழிச் சேவை இந்தியின் ஏகபோகத்தை வளர்க்காது. அந்த ஏகபோகம் மறைத்து வைத்திருக்கும் மொழிகளை வெளிக்கொணரும்.

தமிழர்களும் இடம்பெயர்ந்தவர்களே. தாராவியின் தோல் பட்டறைகளிலும் மும்பைத் துறைமுகத்திலும் உழைத்த தமிழர்களுக்கு எதிராக 1960களின் இறுதியில் சிவசேனை வெறுப்பு அரசியலை நடத்தியது. அதே மும்பையில் மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது. ஓர் உள்ளாட்சி அமைப்பு நினைத்தால் எட்டு மொழிகளில் இயங்க முடியும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று தேவையில்லை. தாராவித் தமிழ்க் குழந்தைக்கு நியாயமானது, சென்னையின் புறநகரில் வாழும் ஒடியக் குழந்தைக்கும் நியாயமே. இடம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவே வகுத்துள்ளது.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டன. அச்சம் தொழிற்பேட்டைகளைக் கவ்வியது. அப்போதுதான் அவசரம் அவசரமாக இந்தியில் அறிவிப்புகள் வந்தன, உதவி எண்கள் வந்தன, அதிகாரிகள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்று பேசினர். செய்தது சரியே. ஆனால் அந்த நாள்வரை அரசுக்கும் அத்தனை லட்சம் தொழிலாளர்களுக்கும் இடையே நேரடிப் பேச்சு இல்லாதிருந்ததால்தான் வதந்திக்கு அவ்வளவு எளிதாக வழி கிடைத்தது.

மொழியே குற்றச்சான்றாகும் காலம்

2025இல் வடக்கு, மேற்கு மாநிலங்களின் பல நகரங்களில் வங்காள மொழி பேசும் தொழிலாளர்கள் ‘வங்கதேசத்தவர்’ என்ற ஐயத்தின் பேரில் பிடித்து வைக்கப்பட்டனர். மேற்கு வங்கத்தின் மாவட்டங்களிலிருந்து வந்த இந்தியக் குடிமக்களும் அவர்களில் இருந்தனர். அந்நாட்களில் தில்லி காவல்துறையின் கடிதம் ஒன்று வெளியாகி நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. பிடிபட்டவர்களின் ஆவணங்களைப் பெயர்க்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வங்க பவனுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. அதில் வங்காள மொழி ‘வங்கதேச மொழி’ என்று குறிக்கப்பட்டிருந்தது.

தோழர்கள் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அரசு மொழிபெயர்ப்பாளரைத் தேடியது. தொழிலாளிக்குச் சேவை செய்வதற்காகத் தேடவில்லை. அவரை அயலவர் என்று நிறுவுவதற்காகத் தேடியது. தாகூரின் மொழி, நாட்டுப்பண்ணின் மூல மொழி, எட்டாவது அட்டவணையில் தொடக்கம் முதல் இருக்கும் மொழி, ஒரு தொழிலாளியின் வாயில் ஒலித்தபோது அயல்மொழி ஆயிற்று.

மொழிபெயர்ப்பின் பிழை இத்தகைய அரசியலில் உயிர்ப்பிழையாக மாறும். வங்காளத்தில் ஒருவிதமாக எழுதப்படும் பெயர், ஆதாரில் ஆங்கிலத்தில் வேறுவிதமாகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றில் ஊழியர் காதில் விழுந்தபடி மூன்றாவது விதமாகிறது. ‘பிஸ்வாஸ்’ ஒரு தாளில் ‘விஸ்வாஸ்’ ஆகிறது. அன்றைக்கு அது அற்பமாகத் தோன்றும். அசாமில் 2019இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியே நிறுத்தியது. ஆவணங்களுக்கிடையே எழுத்து வேறுபட்டதும் பலர் வெளியே நிற்க நேர்ந்ததற்குக் காரணம். உள்ளாட்சி அலுவலகத்தின் சிறு மேசையில் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதத் தெரிந்த ஒருவர் இருப்பது, நாளை ஒரு குடும்பத்தின் குடியுரிமையைக் காக்கும் செயலாக இருக்கலாம்.

கேரளத்தின் அனுபவம்

கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சம் பேர் என்று 2013இல் குலாட்டி நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அதற்கு முன்பே, 2010இல் இடது ஜனநாயக முன்னணி அரசு இவர்களுக்கென்று நலத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2017இல் ‘ஆவாஸ்’ காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதே ஆண்டில் மாநில எழுத்தறிவு இயக்கம் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தைப் பெரும்பாவூரில் தொடங்கி, ‘ஹமாரி மலையாளம்’ என்ற பாடநூலின் வழியே தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பித்தது. எர்ணாகுளம் மாவட்டத்தில் ‘ரோஷ்னி’ திட்டத்தின்கீழ், குழந்தைகளின் மொழி அறிந்த தன்னார்வலர்கள் வகுப்பறைக்குள் வந்தனர். குழந்தை தன் மொழியில் தொடங்கி மெல்ல மலையாளத்துக்குக் கடந்து செல்ல வழி பிறந்தது.

இவை நாட்டுக்கு முன்னுதாரணங்கள். அதனாலேயே அவற்றின் எல்லையையும் தோழமையோடு நோக்க வேண்டும். தொழிலாளிக்கு உள்ளூர் மொழி கற்பிப்பது தேவை. சந்தையிலும் சங்கக் கூட்டத்திலும் அது அவருக்குத் துணை நிற்கும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் கல் சுமந்தவர் மொழி கற்று முடிக்கும்வரை அலுவலகம் காத்திருக்கச் சொல்ல முடியாது. தன்னார்வலரின் உற்சாகம் போற்றத்தக்கது, ஆனால் நிதி குறையும்போது முதலில் மறைவதும் தன்னார்வச் சேவைதான். கேரளத்தில் இவர்களை ‘அதிதி தொழிலாளி’ என்று அழைக்கிறார்கள். அன்பு நிறைந்த சொல். எனினும் அதிதிக்கு உபசரிப்பு உண்டு, விருந்து முடிந்தால் விடையும் உண்டு. தொழிலாளிக்கு வேண்டியது உரிமை. அது விருந்தளிப்பவரின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கலாகாது.

நியூயார்க்கில் வங்காளம்

குடியேறிகளின் நாடான அமெரிக்காவிலிருந்து இங்கே ஒரு பாடம் பெறலாம். நியூயார்க் நகரம் 2017இல் நிறைவேற்றிய உள்ளூர்ச் சட்டம், மக்களோடு நேரடித் தொடர்புள்ள மாநகர அலுவலகங்கள் முக்கிய ஆவணங்களைப் பத்து மொழிகளில் தர வேண்டும் என்கிறது. அவற்றுள் வங்காளமும் உருதும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் தொலைபேசி வழி வாய்மொழிபெயர்ப்பும் உண்டு. முர்ஷிதாபாத்திலிருந்து போன ஒருவர் அங்கே மாநகர அலுவலகத்தில் வங்காளத்தில் பேசலாம். அவருடைய தம்பி இந்தியத் தலைநகரில் வங்காளம் பேசினால் காவல் நிலையத்துக்குப் போக நேர்கிறது.

இதை அமெரிக்க ஆளும் வர்க்கத்தின் பெருந்தன்மை என்று எண்ண வேண்டாம். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் கறுப்பின மக்கள் இரத்தம் சிந்திப் பெற்றது. மொழியின் பேரில் மறுக்கப்படும் சேவையும் பிறப்பிடத்தின் பேரிலான பாகுபாடே என்ற வாதம் அதன் மேல் எழுந்தது. கூட்டாட்சி அலுவலகங்களுக்கு மொழிச் சேவையைக் கடமையாக்கிய ஆணையை 2000இல் அதிபர் கிளிண்டன் பிறப்பித்தார். 2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப், ஆங்கிலமே ஆட்சிமொழி என்று அறிவித்து அந்த ஆணையை ஒரே கையெழுத்தில் நீக்கினார். நகரச் சட்டமோ அந்தக் கையெழுத்தால் அழியவில்லை. ஆணையால் வந்தது ஆணையால் போகும். போராட்டத்தால் சட்டமாக்கப்பட்டதைப் பறிப்பது அவ்வளவு எளிதன்று. சுற்றறிக்கைகளோடு மனநிறைவு அடையும் போக்குக்கு இது ஓர் எச்சரிக்கை.

கருவியும் மனிதரும்

கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுமே, ஆள் எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். ஒன்றிய அரசு 2022இல் ‘பாஷினி’ என்ற கணினி மொழிபெயர்ப்புத் தளத்தைத் தொடங்கியது. கருவியை வெறுப்பது உழைக்கும் வர்க்க இயக்கத்தின் மரபன்று. வழி கேட்கவும், அலுவலக நேரம் அறியவும், வரிசை எண் தெரிந்துகொள்ளவும் அது பயன்படட்டும். ஆனால் வாக்குமூலம், அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல், இழப்பீட்டு ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒரு சொல் பிறழ்ந்தால் யார் பொறுப்பு? கருவியைக் கூண்டில் ஏற்ற முடியாது. உண்மையாகப் பெயர்த்துரைக்க வேண்டிய கடமையை 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் மீது சுமத்தியிருந்தது. அந்தப் பொறுப்புக் கோட்பாடு அலுவலகத்துக்கும் வர வேண்டும்.

நல்ல வாய்மொழிபெயர்ப்பாளர் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை, அறிவுரை சொல்வதில்லை, கேட்டதை வெளியே பேசுவதில்லை. புரியாத சொல்லைப் புரியவில்லை என்று சொல்லத் தயங்குவதில்லை. இது பயிற்சியால் வரும் தொழில். தொழில் என்றால் அதற்குக் கூலி உண்டு, பணிப் பாதுகாப்பு உண்டு. மதிப்பூதியத்தில் ஆளை அமர்த்தி இன்னொரு அத்துக்கூலிப் பிரிவை உருவாக்குவது தீர்வாகாது.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

121 மொழிகளுக்கும் எல்லா இடத்திலும் ஆள் வைக்கச் சொல்லவில்லை. ஓர் ஊருக்குத் தேவைப்படுவது மூன்றோ நான்கோ மொழிகள்தாம். எந்த மூன்று, எந்த நான்கு என்பதைக் கண்டறிய மனம் வேண்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு நகராட்சியும் தொழிற்பேட்டைப் பகுதி ஊராட்சியும் தன் எல்லைக்குள் வாழும் தொழிலாளர்களின் மொழிகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும். அக்கணக்கு சேவைக்கு மட்டுமே பயன்பட வேண்டும், காவல்துறையின் பட்டியலாக மாறக் கூடாது.

இரண்டாவதாக, பிறப்பு-இறப்புப் பதிவு, பள்ளிச் சேர்க்கை, மருத்துவ ஒப்புதல், நலவாரியப் பதிவு, விபத்து இழப்பீடு ஆகிய ஐந்து வகைத் தாள்களும் அந்த மொழிகளில் கிடைக்க வேண்டும். தாளில் உள்ளூர் மொழியும் தொழிலாளியின் மொழியும் அருகருகே இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, நிரந்தரப் பணியிடங்களில் வாய்மொழிபெயர்ப்பாளர்கள் அமர்த்தப்பட வேண்டும். இடம்பெயர்ந்து வந்து இருமொழி கற்ற தொழிலாளர்களுக்கும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளுக்கும் முன்னுரிமை தர வேண்டும்.

நான்காவதாக, தொழிலாளியின் மொழியில் படித்துக் காட்டப்படாத தாளில் பெறப்பட்ட கையொப்பமோ ரேகையோ செல்லாது என்பது விதியாக வேண்டும். பெயர்த்துச் சொன்னவரின் பெயரும் ஒப்பமும் அதே தாளில் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர், அவருடைய ஆள், காவலர், சிறு குழந்தை ஆகியோர் மொழிபெயர்ப்பாளராக நிற்கக் கூடாது.

ஐந்தாவதாக, இவை மாநிலச் சட்டமாக வேண்டும். அதற்கான நிதியில் ஒரு பகுதியைத் தொழிலாளர்களின் உழைப்பால் கொழிக்கும் நிறுவனங்களிடமிருந்தே பெற வேண்டும்.

கோரிக்கை வைக்கும் இயக்கம் தன் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கத் துண்டறிக்கை எத்தனை மொழிகளில் அச்சாகிறது? மே தினக் கூட்டத்தில் ஒடியத் தொழிலாளி மேடையேறித் தன் மொழியில் பேச, இன்னொருவர் பெயர்த்துச் சொன்ன நிகழ்வுகள் எத்தனை? சங்க அலுவலகத்தில் அவருடைய மொழி அறிந்த ஒருவர் இருந்தால், அவர் மேஸ்திரியைத் தேடிப் போக மாட்டார். உள்ளூர்த் தொழிலாளியையும் வெளிமாநிலத் தொழிலாளியையும் கூலியில் மோதவிட்டு ஆதாயம் காணும் முதலாளிக்கு, இவ்விருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் இருப்பதே மிகவும் வசதி. ஆகவே மொழிபெயர்ப்பு என்பது வர்க்க ஒற்றுமையின் வேலை.

தொடக்கத்தில் கண்ட சந்தாலிப் பெண் மேசையின் முன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அவர் அழுதபடி சொன்னது என்னவென்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒருவேளை, “என் கணவர் இங்கே ஏழு மாதம் வேலை செய்தார், மூன்று மாதக் கூலி பாக்கி” என்பதாக இருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் மேசையைக் கடந்து சரியாகப் போய்ச் சேர்ந்தால் வழக்கே மாறிவிடும். அது போய்ச் சேர்வதற்கான வழியை அமைப்பதே இன்றைய கடமை.